மீன் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகனுக்கு

மக்கா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. மீன்பிடிப் போட்டிப் படகுகளில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுகிறேன். ஜெனிஷாவிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். உன் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: தன்னைப் பாவப்பட்டவளாக எழுதக் கூடாதாம். குரல் செய்தியாகவே அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னேன். நான் பேசுவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய், அதில் நான் அழுதால்கூடச் சிரிக்கிற மாதிரி இருக்கும் என்றாள். அதனால் கிளினிக்கில் ஸ்கேன் டியூட்டி முடிந்து வந்து, ஷார்ஜா முவைலாவில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எதிரே இருக்கிறார். அவரால் செய்ய முடிந்த பெரிய உதவி அது.

நீ குவைத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அப்பாசியாவில் உன் மாமா ரூமில் தங்கிக்கொண்டு ஏசி வேலைக்குப் போகிறாய். இங்கே ஜெனிஷாவுக்கு ஐந்தாம் மாதம். வருகிற வியாழக்கிழமை அவளுக்குப் பெரிய ஸ்கேன். லீவ் கிடைக்கவில்லை, பிரசவத்துக்கு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். முந்தாநாள் உன் மாமா போன் செய்தான். "அக்கா, இவனுக்கு லீவ் குடுத்தாச்சு. இவன்தான் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருக்கான்" என்றான். நான் இதை ஜெனிஷாவிடம் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ கோபப்படலாம். படு. கோபம் வந்தாலாவது போனை எடுப்பாய்.

நீ எதற்கு வர மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த இருட்டு அறைக்குள் வந்து, சுவரில் ஓடுகிற திரையைப் பார்க்க உன்னால் முடியாது. திரை பார்ப்பதையே வேலையாகச் செய்தவன் நீ. உன்னை அந்த வேலைக்கு நாங்கள் அனுப்பவில்லை, நீயாகப் போய் விழுந்தாய். ஷார்ஜாவில் படகுக் கருவிகள் விற்கிற கடையில் ஃபிட்டராகச் சேர்ந்தாய். பழைய மீன் தேடும் கருவிகளை மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் உனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. படகுக்கு அடியில் மீன் கடந்து போன பிறகு அது கோடாக வரைந்து காட்டும்; போன பஸ்ஸின் நம்பரைப் பார்க்கிற மாதிரி என்று நீயே கேலி செய்வாய். அப்புறம் லைவ் சோனார் வந்தது. படகுக்கு முன்னால், இந்த நொடியில், எந்த ஆழத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வரைக்கும் திரையில் ஓடியது. தூண்டில் இறங்குவது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், மீன் அதைப் பார்த்து விலகுவதும் தெரியும், மனம் மாறித் திரும்பி வருவதும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி நீ அதை விவரித்தது எனக்கு நினைவிருக்கிறது. குழம்பு ஊற்றிக்கொள்ளக்கூட மறந்துவிட்டாய்.

கருவியை வாங்கிய அரபி முதலாளிக்கு, அந்த அர்பாப்புக்கு, அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. உன்னைப் போட்டிப் படகில் ஏற்றிக்கொண்டார். உன் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடல் வேண்டாம் என்று வந்து, அஜ்மானில் கப்பல் பழுதுபார்க்கிற டிரைடாக்கில் வெல்டராக நின்றவர் அவர். "நான் கடலுக்குப் பயந்து தேசம் விட்டு வந்தேன். இவன் வெளையாட்டுக்குப் போறானாம்" என்றார். நீ சிரித்துக்கொண்டே, அப்பா, கடலையே நான் பாக்குறதில்ல, டிவிதான் பாக்குறேன் என்று பதில் சொன்னாய். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

இந்தக் குழுவில் இருக்கிற சில அம்மாக்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். போட்டி என்பது நெய்மீனுக்கு; சென்னைப் பக்கம் வஞ்சிரம் என்பார்கள், அரபிகளுக்கு அது கனாத். யார் கொண்டுவருகிற ஒற்றை மீன் எடை கூடுதலோ அவர்களுக்குக் கோப்பை. என் மகன் போன படகை ஓட்டிய சூசை அண்ணன் பழைய கதைகள் சொல்வார். பறவை எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்துப் போவார்களாம். ரேடியோவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பொய் சொல்வார்களாம். அந்தக் காலம் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பாதி நாள் வெயிலில் கறுத்து வெறுங்கையோடு வந்து, அதற்கும் ஒரு வீரக்கதை சொன்னவர்கள்தான் அவர்கள். ஆனால் லைவ் சோனார் வந்ததும் படகில் எல்லாம் மாறிவிட்டது. கிடைத்த மீனைப் பிடித்தவர்கள், திரையில் நீளத்தைப் பார்த்து இது வேண்டாம், அது வேண்டும் என்று பொறுக்க ஆரம்பித்தார்கள். நேற்று வந்த பையன்கள், திரையைப் படிக்கத் தெரிந்ததால், இருபது வருடம் ஓட்டினவர்களைத் தோற்கடித்தார்கள். இது மீன்பிடியா வீடியோ கேமா என்று கரையில் சண்டை. அமெரிக்காவில் ஏரிகளில் பாஸ் என்கிற மீனுக்கு நடக்கிற போட்டிகளிலும் இதே சண்டைதான் என்று நீ வீடியோ போட்டுக் காட்டினாய். கருவியைத் தடை செய்யணும் என்று ஒருவர் கத்த, பழகிக்கத் தெரியாதவங்க வீட்ல இருங்க என்று இன்னொருவர் கத்த, நீ இரண்டாவது ஆளுக்குக் கைதட்டினாய்.

எல்லோரிடமும் கருவி வந்தபிறகு, யார் எந்த இடத்தில் திரையைத் திறக்கிறார்கள் என்பதுதான் ரகசியம் ஆயிற்று. திரைக்குக் கறுப்புத் துணி போட்டீர்கள். ரேடியோ சத்தத்தைக் கொசு முனகுகிற அளவுக்குக் குறைத்தீர்கள். வேறொரு படகில் யாரோ தன் உறவுக்காரனுக்கு லொகேஷன் அனுப்பி, அவன் படகும் அங்கே வந்து நின்றது தெரியவந்ததும், போனுக்கும் தடை வந்தது. மரினா படகுத்துறையை விட்டுக் கிளம்பும்போது எல்லாருடைய போனையும் கத்தி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, டேப்பின் மேல் அர்பாப்பின் அண்ணன் மகன் கையெழுத்துப் போடுவான் என்று நீ சாப்பாட்டு நேரத்தில் சொன்னாய். நாங்கள் சிரித்தோம். ஜெனிஷா மட்டும் சிரிக்கவில்லை. ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். ரேடியோ இருக்குல்ல என்றாய்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை எங்களைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அது என் வாழ்க்கையில் நல்ல நாள். கடலுக்குள் போகவில்லை, க்ரீக் உப்பங்கழியில் கட்டிக் கிடந்த படகுதான். நீ துணியை விலக்கித் திரையைப் போட்டாய். பதினெட்டு வருடமாக நான் தினமும் பார்க்கிற படம் அது. வயிற்றின் மேல் புரோபை வைத்தால் பிள்ளை தெரிகிறது, தண்ணீருக்குள் வைத்தால் மீன் தெரிகிறது, சத்தம் போய் மோதித் திரும்பி வருகிற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். படம் புள்ளிபுள்ளியாகக் கலங்கியிருந்தது. கெயின் கூடிப்போச்சு, குறைடா என்றேன். நீ குறைத்தாய், படம் தெளிந்தது. "அம்மா, பேசாம எங்க டீமுக்கு வந்துருங்க. அர்பாப் உங்களுக்கு விசா அடிச்சுத் தருவாரு" என்று நீ சொன்னதும், மேலே நின்ற சூசை அண்ணன், அப்போ நான் ஊருக்குப் போயிரட்டுமா என்று கேட்டதும், ஜெனிஷா வயிற்றில் கைவைத்துக்கொண்டு சிரித்ததும் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அது முதல் பிள்ளை, அவளுக்கு அப்போது நாலாம் மாதம்.

அன்றைக்கு நான் உன்னிடம் பொறாமைப்பட்டேன். திரையில் எதையாவது பார்த்தால் நீ கத்தலாம். கத்துவதற்குத்தான் உனக்குச் சம்பளம். நான் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது. முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். ஸ்கேன் ரூமில் படுத்திருக்கிறவர்கள் திரையைப் பார்ப்பதைவிட எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். புருவம் ஒரு நூல் அசைந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். நல்லதைப் பார்த்தாலும் கெட்டதைப் பார்த்தாலும் ஒரே முகம். வீட்டுக்கு வந்தும் சில நாள் அந்த முகத்தோடே இருப்பேன் என்று உன் அப்பா குறை சொல்வார்.

அவளுக்கு ஏழாம் மாதம் ஆனபோது, போட்டி நடந்த சனிக்கிழமை காலை, நான் கிளினிக்கைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ஜெனிஷா டாக்ஸியில் வந்து இறங்கினாள். முந்தின நாளிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள். இன்னொரு டெக்னீஷியன் லீவில் இருந்தாள். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஸ்கேன் எடுப்பதில்லை. அன்றைக்கு வேறு வழி இல்லை, எடுத்தேன். ஜெல் போட்டு, புரோபை வைத்து, முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. இதயம் துடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் அசையவில்லை. கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று, எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னேன். ஜெனிஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, உங்க முகத்துல ஒண்ணுமே தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் வெளியே வந்து உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பெட்டி என் நினைவுக்கு வரவே நேரம் ஆயிற்று. மரினா ஆபீஸுக்குப் போட்டு, அங்கே இருந்த பாகிஸ்தான்காரரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். நல்ல மனிதர், படகைத் திரும்பத் திரும்ப ரேடியோவில் அழைத்தார். ஜவாப் நஹி, பஹன், பதில் வரவில்லை சகோதரி என்றார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைச் சூசை அண்ணன் பிறகு எனக்குச் சொன்னார். ஒரே மீனை ஒரு மணி நேரம் தொடர்ந்தீர்களாம். அது தூண்டிலை முகர்ந்து முகர்ந்து விலகியதாம். நாலு பேரும் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லையாம். சத்தம் குறைத்து வைத்த ரேடியோ இரண்டடி தள்ளி முனகியது அவர் காதில் விழுந்ததாம், ஏதோ வேறு படகு என்று விட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் நீங்கள் கொண்டுவந்த மீனுக்குத்தான் முதல் இடம் கிடைத்தது. மேடையில் நின்று போட்டோ எடுத்தபிறகுதான் பெட்டியின் டேப்பைக் கிழித்தார்கள்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் சட்டையில் மீன்வாடை இருந்தது.  உன்னைப் பார்த்ததும் ஜெனிஷா வாடையைப் பற்றித்தான் முதலில் சொன்னாள், போய்க் குளிச்சிட்டு வாங்க என்று. மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. ஒரு நர்ஸ் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பார்க்கிறீர்களா என்று கேட்டாள். ஜெனிஷா வாங்கிப் பார்த்தாள். நீ சுவர் பக்கம் திரும்பி நின்றாய்.

அதற்குப் பிறகு நீ படகில் ஏறவில்லை. போட்டிக் கமிட்டி விதிகளைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டபோது, லைவ் சோனாரை மொத்தமாகத் தடை செய்யுங்கள் என்று அவர்களுக்குக் குரல் செய்தி அனுப்பினாய். அமெரிக்கச் சண்டையில் இரண்டாவது ஆளுக்குக் கைதட்டினவன் நீ. கமிட்டியில் பாதிப்பேர் உன் பக்கம் பேசினார்களாம், பாதிப்பேர் மறுத்தார்களாம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, எனக்கு அதில் தீர்ப்பு சொல்லவும் தெரியாது. சூசை அண்ணன் எழுந்து வேறொன்று கேட்டாராம். ஒவ்வொரு படகிலும் ஒரு போன் வெளியே இருக்கணும், ரேடியோ எல்லார் காதிலும் விழணும், அப்படி இல்லாட்டி எனக்கு இந்தத் தொழில் வேண்டாம், கலாஸ், முடிஞ்சுது என்றாராம். அதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பிள்ளைகள் போகிற படகில் அந்த விதி நடக்கிறதா என்று, இதைப் படிக்கிற அம்மாக்களும் மனைவிகளும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்கா, எனக்கும் கோபம் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, உன் மேல்தான் இருந்தது. கோப்பையோடு நீ நிற்கிற போட்டோவை யாரோ குழுவில் போட்டிருந்தார்கள், அதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை அடித்து அழிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தபோது, நீ வீட்டில் இருந்திருந்தாலும், போன் உன் கையிலேயே இருந்திருந்தாலும், அந்தப் பிள்ளை பிழைத்திருக்காது. அது முந்தின நாளே போய்விட்டது. இதை நான் அம்மாவாக ஆறுதலுக்குச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவளாகச் சொல்கிறேன். டாக்டரும் உன்னிடம் இதையேதான் சொன்னார், நீ கேட்டுக்கொள்ளவில்லை. உன்னால் போனது அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு பகல். அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தண்டனை என்று நீயே ஒன்றை எழுதிக்கொண்டு குவைத்தில் உட்கார்ந்திருக்கிறாய், அந்தத் தண்டனையில் இன்னும் எத்தனை பகல் அவள் தனியாக இருக்க வேண்டும் என்று யோசித்தாயா?

அவளோடு அந்த அறைக்குள் நீங்களே போகக் கூடாதா என்று நீ கேட்கலாம். அன்றைக்கு இருந்தேனே. என் கை ஆடவில்லை, குரல் ஆடவில்லை, எல்லாம் சரியாகச் செய்தேன். அவளுக்குப் பயம் கூடியதுதான் மிச்சம். அவளோடு சேர்ந்து பயப்படவும், அழவும், நல்லது தெரிந்தால் கத்திக் கூப்பாடு போடவும் ஒரு ஆள் வேண்டும். அது எனக்கு வராது, பழக்கம் விட்டுப்போயிற்று. உனக்கு வரும். ஒரு மீன் தூண்டில் பக்கம் திரும்பியதைச் சொல்லவே நீ குழம்பு ஊற்றிக்கொள்ள மறந்தவன். உன் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதற்காக உன்னைத் திட்டியும் இருக்கிறேன். அந்த முகம்தான் அவளுக்கு அங்கே வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக இருக்கும், பயப்படாமல் வா என்று எழுதினால் உனக்கு எளிதாக இருக்கும். அப்படி எழுத மாட்டேன். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. இதுவரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது, பிள்ளை அசைகிறது, அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அங்கே வந்து உன்னால் திரையைப் பார்க்க முடியாவிட்டால் பார்க்க வேண்டாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டு இரு. முடிந்தால் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்.

ஸ்கேன் எடுக்கப்போவது நான் இல்லை, வேறொரு பெண். நான் வெளியேதான் நிற்பேன். நேற்று ஜெனிஷா நேரம் குறிக்க ரிசப்ஷனுக்கு வந்திருந்தாள். கூட ஒருவர்தான் உள்ளே வரலாம், யார் வருகிறார்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். மாமியாரா என்று என்னைக் காட்டி அந்தப் பெண்ணே கேட்டாள். நீ வரவில்லை என்று சொன்னது ஜெனிஷாவுக்குத் தெரியும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் பெயரைச் சொன்னாள்.

உன் அம்மா